வெண்மணி முதல் உடுமலை வரை: எழுத்தாளர்கள், கலைஞர்களின் பொது வேண்டுகோள்

ஒருவர் செய்த செயலுக்காக அல்லாமல், அவர் பிறந்த சாதி, மதம் அல்லது இனத்துக்காகவே அவரைத் தாக்குவது வெறுப்புக் குற்றம் எனப்படும். அடி ஒருவர் மீது விழுந்தாலும் அச்சம் அவரைச் சேர்ந்த அனைவரையும் சென்றடைவதால், அதைத் தனிப்பட்ட பகையாகக் கருத இயலாது. தமிழ்நாட்டில் இக்குற்றம் பெரும்பாலும் சாதியின் பெயரால் நிகழ்கிறது. அதற்கு எதிராக எழுதியும் நடித்தும் வரைந்தும் வருவோர், பொதுமக்களின் துணையை நாடி இவ்வேண்டுகோளை முன்வைக்கின்றனர்.

1968 டிசம்பர் 25 இரவு, கூலி நெல் கூடுதலாகக் கேட்டுச் சங்கமாகத் திரண்ட கீழவெண்மணி கிராமத்துத் தலித் தொழிலாளர்களின் குடியிருப்பு தாக்கப்பட்டபோது, ராமையா என்பவரின் சிறு குடிசைக்குள் ஒளிந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எரித்துக் கொல்லப்பட்டனர். கீழமை நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. இந்நிகழ்வை மையமாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவல் 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஆயினும் நிலக்கிழாரின் கொடுமைக்கு அவரது ஆண்மைக் குறைவு சார்ந்த மனச்சிக்கலைக் காரணமாக்கியதால், கூலிக்கும் சாதிக்கும் உரிய இடம் அதில் சுருங்கியது என்ற விமர்சனம் நியாயமானதே. பல பத்தாண்டுகளுக்குப் பின் வந்த பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படம், அந்த இரவைக் கண்டவர்களையே பேச வைத்தது. பாதிக்கப்பட்டோரின் சாட்சியத்திலிருந்து தொடங்கும் படைப்பே கொலையின் காரணத்தைத் திரிக்காமல் சொல்லும் என்பது இக்குழுவினரின் உறுதியான கருத்து.

குடும்பத்தின் சாதிப் பெருமையைக் காப்பதாகச் சொல்லி, சாதி கடந்து மணந்தோரைக் கொல்வது ஆணவக்கொலை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே அத்தகைய இணையர் பட்டப்பகலில் வெட்டப்பட்டு, கணவர் உயிரிழந்தார். கண்காணிப்புக் கேமராவில் பதிவான காட்சி கைபேசி கைபேசியாகப் பரவியது. அரிவாள் ஓங்கப்படுவதும், சுற்றிலும் நின்றவர்கள் விலகுவதும் அதில் தெரிந்தன. கொல்லப்பட்டவர் எப்படி வாழ்ந்தார், எதற்கு ஆசைப்பட்டார் என்பதற்கு அதில் இடமில்லை. அக்குறையை நிரப்புவதே எழுத்தின் வேலை. ஆகவே இத்தகைய காட்சிகளைப் பகிர வேண்டாமென்றும், இறந்தவரின் கடிதங்கள், ஒளிப்படங்கள், உறவினர் பாடிய ஒப்பாரி ஆகியவற்றைப் பாதுகாத்து, குடும்பத்தார் விரும்பினால் மட்டும் பதிவுசெய்ய உதவ வேண்டுமென்றும் சக குடிமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். நினைவு நாளில் மட்டும் மேடையேறிப் பேசிவிட்டுத் திரும்பும் வழக்கத்தை விட்டு, வழக்கு நடக்கும் ஆண்டுகளிலும் அக்குடும்பத்தாருடன் நிற்பது படைப்பாளிகளின் கடமை.

சாதி கடந்து மணக்கும் இணையர்களின் புகார்களைப் பெற ஒவ்வொரு மாவட்டத்திலும் காவல் கண்காணிப்பாளர், சமூகநல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் அடங்கிய சிறப்புப் பிரிவும், 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2018இல் ஆணையிட்டது. அச்சுறுத்தலுக்கு உள்ளாகும் இளைஞர்களுக்கு இச்செய்தி எட்டினால்தான் அந்த ஆணையால் பயன் உண்டு. தம் மாவட்டத்து உதவி எண் எதுவென ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பெறும்படி வாசகர்களும் ஆசிரியர்களும் வேண்டப்படுகின்றனர். அந்த எண்ணைப் பேருந்து நிலையங்களுக்கும் கல்லூரிகளுக்கும் அருகிலுள்ள சுவர்களில் கட்டணமின்றி எழுதித்தர ஓவியர்கள் ஆயத்தமாக உள்ளனர். அதற்குச் சுவர் தர முன்வருவோர் தேவை.