ஏற்காடு ஏரியில் மீன் எத்தனை?

சேலத்தில் பஸ் ஏறியாகிவிட்டது. மலை தொடங்குகிறது.

20 கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொரு வளைவிலும் வெயில் ஒரு பிடி குறைகிறது. குளிர் ஒரு பிடி கூடுகிறது. வளைவுகள் முடிந்தால் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரம், அதைப் பிடித்து ஏறிய மிளகுக் கொடி. அதற்கப்புறம் ஏரி.

அதுதான் ஏற்காடு. ஏரியும் காடும் சேர்ந்து வந்த பெயர் என்று சொல்வார்கள்.

சேர்வராயன் மலைக்கு வருகிற குடும்பம் எதுவும் இந்த ஏரியைப் பார்க்காமல் போவதில்லை. பெரியவர்கள் படகில் ஏறுகிறார்கள். குழந்தைகள் படகின் ஓரத்தில் தலையை நீட்டித் தண்ணீரைப் பார்க்கிறார்கள்.

"அப்பா, இதிலே மீன் இருக்கா?"

"நிறைய இருக்கு. கையை உள்ளே வை!"

அப்பா சொல்வது சரியா? கரையில் தூண்டிலோடு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கும் ஆளைக் கேட்டால், "ஒன்றுமே இல்லை, வெறும் தண்ணீர்" என்பார். அவருக்கு அன்று ஒன்றும் சிக்கவில்லை! படகுக்காரர் சொல்வது ஒரு கணக்கு. தூண்டில்காரர் சொல்வது ஒரு கணக்கு. இரண்டும் கணக்கு அல்ல.

ஓர் ஏரியில் மீன் பிடிக்க ஆசைப்படுகிறவர்களும் சரி, மீன் குஞ்சு வாங்கி விட ஆசைப்படுகிறவர்களும் சரி, முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். உள்ளே என்ன இருக்கிறது?

எண்ண முடியுமா?

தண்ணீருக்குள் ஓடுகிற மீனை எப்படி எண்ணுவது என்று சிரிக்கலாம். எண்ணலாம்! அதற்கு வழி சொன்னவர் பீட்டர்சன் என்ற டென்மார்க் நாட்டு அறிஞர். சொன்னது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்.

ஏரியில் வலை போட வேண்டும். 200 மீன் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றின் துடுப்பிலும் ஓரத்தைச் சிறிது நறுக்கி அடையாளம் செய்து, உயிரோடு தண்ணீரில் விட்டுவிட வேண்டும். சில நாள் கழித்து மறுபடியும் வலை. மறுபடியும் 200 மீன். அதில் அடையாளம் உள்ளவை 10 மட்டும் இருந்தால் என்ன பொருள்?

20 மீனுக்கு 1 மீன் அடையாள மீன். அடையாளம் போட்டு விட்டது 200. அப்படியானால் ஏரியில் இருப்பது சுமார் 4 ஆயிரம் மீன்!

ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஏரி சிறியது என்பதால் வேலையும் குறைவு. நாலைந்து ஆட்கள், ஒரு வலை, ஒரு பரிசல் போதும். இந்தக் கணக்கைப் போடாமல் குஞ்சு விடுவது, அடுப்பில் எத்தனை பானை இருக்கிறது என்று பார்க்காமல் அரிசி களைவது போல.

துரைமார் மீன்

மலை ஏரி என்றவுடன் சிலருக்கு 'டிரவுட்' மீன் நினைவு வரும். குளிர்ந்த நாட்டு மீன். தூண்டில்காரர்களின் செல்லப் பிள்ளை. அதை நீலகிரிக்குக் கொண்டுவர வெள்ளைக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1860-களில் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் முயன்று பார்த்தார். பலிக்கவில்லை. பின்னர் எச்.சி.வில்சன் முயற்சியில் 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் வந்தது. அதன் பிறகுதான் டிரவுட் அந்த மலையில் நிலைத்தது.

"அங்கே வளர்ந்தால் ஏற்காட்டில் வளராதா?" என்று கேட்கலாம்.

வளராது. அவலாஞ்சி 6 ஆயிரத்து 500 அடிக்கு மேல். ஏற்காடு ஏறக்குறைய 5 ஆயிரம் அடிதான். டிரவுட்டுக்குத் தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே சில்லென்று இருக்க வேண்டும். ஏற்காட்டில் கோடை வெயில் 30 டிகிரியை எட்டிப் பார்க்கும். அது மட்டுமல்ல. டிரவுட் முட்டை இடுவது ஓடுகிற தண்ணீரில், கூழாங்கல் தரையில். தேங்கி நிற்கும் ஏரியில் அது குடும்பம் நடத்தாது. டிரவுட் ஆசையை ஏற்காட்டுக்காரர்கள் நீலகிரிக்கே விட்டுவிடுவது நல்லது.

சேற்றைக் கிளறும் கெண்டை

இன்னொரு விருந்தாளி 'கண்ணாடிக் கெண்டை'. உடம்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய பெரிய செதில்கள் பளபளக்கும். அதனால் அந்தப் பெயர். 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது. குளிரைத் தாங்கும். வெயிலையும் தாங்கும். தேங்கிய தண்ணீரிலேயே முட்டையிட்டு, நீர்ச் செடியில் ஒட்டி வைக்கும். ஒரு கிலோ எடையுள்ள தாய் மீன் லட்சம் முட்டை இடும் என்றால் பார்த்துக்கொள்ளலாம்!

தூண்டிலுக்கு இது நல்ல மீன். இழுத்தால் கழி வளையும். ஆனால் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தரையில் மூக்கை வைத்துச் சேற்றைக் கிளறிக் கிளறித் தின்னும். அளவோடு இருந்தால் பாதகம் இல்லை. மிஞ்சிவிட்டால் ஏரி முழுவதும் கலங்கல். வெளிச்சம் உள்ளே இறங்காது. மற்ற மீனுக்கு இரை குறையும்.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வேறு ரகம். வடக்கே பெரிய ஆறுகளில் பிறந்த மீன்கள். கட்லா மேல் தண்ணீரில் மேயும். ரோகு நடுவில். மிர்கால் அடியில். ஒரே வீட்டில் மூன்று மாடியில் குடியிருப்பது போல, சண்டை இல்லாமல் வளரும். ஆனால் ஆற்றில் வெள்ளம் வந்தால்தான் முட்டையிடும். ஏரியில் இடாது. 1957-ல் ஒரிசாவில் ஹீராலால் சௌதுரி என்ற விஞ்ஞானி, மீன் தலைக்குள் இருக்கும் ஒரு சிறு சுரப்பியின் சாற்றை ஊசியால் ஏற்றி முட்டையிட வைத்துக் காட்டினார். இன்று பண்ணைகளில் குஞ்சு கிடைப்பது அந்த வழியில் வந்த பலன்.

ஆகவே, கட்லா விட்ட ஏரியில் ஒவ்வொன்றாகப் பிடித்துவிட்டால் கட்லா தீர்ந்தது. மறுபடி விட வேண்டும். கெண்டை விட்ட ஏரியில் அது தானாகப் பெருகும். எதை விட்டோம், எத்தனை விட்டோம் என்று குறித்து வைக்காவிட்டால், எது தீர்ந்தது, எது பெருகியது என்று எப்படித் தெரியும்?

ஜிலேபி

மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதை யாரும் வருந்தி அழைக்க வேண்டாம். வந்துவிடும்! அதுதான் ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்காவின் 'திலாப்பியா'. 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. தமிழ்நாட்டில் அது நுழையாத குளம் குறைவு.

தாய் ஜிலேபி முட்டையை வாயிலேயே வைத்துக் காப்பாற்றும். குஞ்சு பொரித்த பிறகும் ஆபத்து வந்தால் வாய்க்குள் சேர்த்துக்கொள்ளும். இத்தனை பாசமான தாய்க்குப் பிள்ளைகள் தங்காமல் இருக்குமா? வருஷத்தில் பல முறை குஞ்சு. ஏரி நிறைந்துவிடும். இரை போதாது. எல்லாம் உள்ளங்கை அளவிலேயே நின்றுவிடும். தூண்டில் போட்டால் நிமிஷத்துக்கு ஒன்று சிக்கும். குழம்புக்கு எடுத்தால் முள்தான் மிச்சம்.

"மீன் நிறைய இருக்கிறது" என்பதற்கும் "மீன்வளம் நன்றாக இருக்கிறது" என்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நண்டு சிண்டாக 10 ஆயிரம் ஜிலேபியைவிட, அளவான 2 ஆயிரம் நல்ல மீன் மேல்.

விடியற்காலையில் வாய் பிளப்பது ஏன்?

மீன் குஞ்சைப் பற்றிப் பேசுகிறவர்கள் தண்ணீரைப் பற்றிப் பேசுவது குறைவு. உண்மையில் பேச வேண்டியது அதைத்தான்.

தண்ணீரில் கரைந்த பிராண வாயுவைத்தான் மீன் சுவாசிக்கிறது. பகலில் பச்சைப் பாசி வெயிலை வாங்கிக்கொண்டு பிராண வாயுவை வெளியே விடுகிறது. இரவில் வெயில் இல்லை. அப்போது அதே பாசி, மீனோடு சேர்ந்து பிராண வாயுவைச் செலவழிக்கிறது. ஆகவே விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் அது மிகக் குறைவு.

பாசி அளவோடு இருந்தால் பிழை இல்லை. சாக்கடை கலந்தால்? சாக்கடை பாசிக்கு உரம். பாசி கொழுத்து, அழுகி, அடியில் படியும். அழுகலும் பிராண வாயுவைத் தின்னும். மேகமூட்டமாக நாலு நாள் சேர்ந்தால் போதும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

கரையில் நிற்பவர்கள், "மீன் துள்ளி விளையாடுகிறது, பார்!" என்பார்கள். அது விளையாட்டல்ல. மூச்சுத் திணறல்!

ஏரி என்பது பள்ளம். சுற்றிலும் மேடு. மேட்டில் வீடு, விடுதி, கடை, சாலை. மழை பெய்தால் மேட்டில் கிடப்பது எல்லாம் எங்கே வரும்? இதில் ஆகாயத் தாமரை வேறு. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தக் களை ஏற்காடு ஏரியையும் விட்டு வைக்கவில்லை. பூ அழகுதான். ஆனால் தண்ணீருக்குப் பாய் விரித்து மூடி, வெளிச்சத்தையும் காற்றையும் தடுத்துவிடும். வாரி எடுத்தால் மீண்டும் முளைக்கும். காரணம், அதற்குச் சாப்பாடு போடுவது சாக்கடை. சாப்பாட்டை நிறுத்தாமல் விருந்தாளியைத் துரத்த முடியாது.

ஊட்டி ஏரியின் கதை கண்முன் இருக்கிறது. 1824-ல் கலெக்டர் ஜான் சல்லிவன் உண்டாக்கிய ஏரி. கண்ணாடிக் கெண்டை வளர்ந்த ஏரி. ஊர் பெருகியது. ஏரியின் ஒரு பகுதி மண்ணுக்கடியில் போனது. மிச்சத்தில் ஊர்க் கழிவு வந்து சேர்ந்தது. அங்கே மீன் குறைந்ததற்குத் தூண்டில்காரர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

ஏற்காடு ஏரி அதைவிடச் சிறியது. சிறிய ஏரி சீக்கிரம் கெடும். ஆனால் சீக்கிரம் தேறும் என்பதும் உண்மை. கழிவு நீர் இறங்கும் இடங்களை அடைத்தால், சில மழைக் காலத்திலேயே வித்தியாசம் தெரியும். அதைச் செய்யாமல் லாரியில் குஞ்சு கொண்டுவந்து, குடம் குடமாகக் கவிழ்த்து, படம் எடுத்துக்கொள்வதில் யாருக்கு லாபம்? மீனுக்கு இல்லை!

மீன் விடுவதிலும் நேரம் காலம் உண்டு. ஏரி நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் கிளியூர் அருவியாக விழுகிறது. உயரம் சுமார் 300 அடி. அதில் போன குஞ்சு திரும்பி வருமா? மழை ஓய்ந்து, வழிவது நின்ற பிறகே குஞ்சு விட வேண்டும். வழியும் இடத்தில் கம்பி வலை போட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொடிக் குஞ்சு ஆகாது. விராலும் நீர்க்காகமும் காத்துக்கொண்டிருக்கும். விரல் நீளம் வளர்ந்த குஞ்சாக இருக்க வேண்டும்.

தூண்டில்காரன் எதிரியா?

மூங்கில் கழி, நைலான் நரம்பு, மயில் தோகைத் தண்டில் செய்த தக்கை, டப்பாவில் மண்புழு. இவற்றோடு ஏரிக்கரையில் ஒரு பையனைக் கண்டால் விரட்டுவது பல ஊர்களில் வழக்கம். அது தவறு.

ஏரியை நாள் முழுவதும் உற்றுப் பார்க்கிறவன் அவன் ஒருவன்தான். தக்கை மெல்ல நகர்ந்து, நின்று, பிறகு சாய்ந்தால் கெண்டை. வெடுக்கென்று போனால் ஜிலேபி என்று அவனுக்குத் தெரியும். தண்ணீரின் நிறம் மாறினால் முதலில் காண்பவன் அவன். நாற்றம் வந்தால் முதலில் மூக்கைப் பிடிப்பவனும் அவன்தான். அவனை விரட்டினால் ஏரிக்குச் சம்பளம் இல்லாத காவல்காரன் போய்விட்டான் என்று பொருள்.

படகுகள் போகாத ஒரு மூலையைத் தூண்டிலுக்கு ஒதுக்கலாம். ஆளுக்கு ஒரு தூண்டில். வலை கூடாது. ஒரு சாண் இல்லாத கெண்டையும் கட்லாவும் திரும்பத் தண்ணீருக்கே. முட்டை நிறைந்த பெரிய தாய்க் கெண்டை சிக்கினாலும் அப்படியே. வயிறு கனத்த ஒரு தாய், பத்துச் சிறிய மீன்களுக்குச் சமம். ஜிலேபிக்கு மட்டும் கட்டுப்பாடு வேண்டாம். எவ்வளவு வேண்டுமானாலும் பிடித்துப் போகட்டும், குழந்தைகளுக்கு நல்ல பழக்கம்!

இதற்குப் பெரிய செலவு இல்லை. வேண்டியது 80 பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று. தூண்டில் போடுகிறவர் போகும்போது நாலு விஷயம் எழுத வேண்டும். என்ன மீன், எத்தனை, எவ்வளவு நீளம், எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார். ஒன்றும் சிக்காவிட்டால் 'ஒன்றும் இல்லை' என்று எழுத வேண்டும். அதுவும் செய்திதான். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுக்கலாம்.

ஒரு வருஷம் எழுதினால், எந்த மாதம் எந்த மீன் குறைந்தது என்று தெரிந்துவிடும். மீன்வளத் துறை அதிகாரி அதைப் பார்த்து, இந்த வருஷம் குஞ்சு வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிடுவார். படகில் தலையை நீட்டிக் கேட்கிற குழந்தைக்கும் அப்பா சரியான பதில் சொல்லலாம்.

நோட்டை வைக்க வசதியான இடம் படகுத் துறையில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னல். பக்கத்தில் ஒரு பென்சில். பென்சிலைக் கயிற்றில் கட்டி வைப்பது நல்லது!