பார்த்தவர் பலர்; கண்டவர் யார்?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் விடுதியின் பொது அறையில் தமிழ் மாணவர்கள் பதினொருவர் கூடி ஒரு படம் பார்த்தோம். படம் முடிந்தபோது மணி பதினொன்று. பேச்சு முடிந்தபோது மணி இரண்டு. நூறு நிமிடம் ஓடிய படத்துக்கு மூன்று மணி நேர விமரிசனம்! தமிழர் நாலுபேர் கூடினால் பேச்சுக்கா பஞ்சம்? அந்தப் படத்தைவிட அன்று நாங்கள் பேசிய பேச்சே என்னை மிகுதியும் சிந்திக்க வைத்தது. அதைப் பற்றியே இங்கே எழுத வந்தேன்.

படத்தின் பெயர் 'ஈஸ்டர்ன் பிராமிசஸ்'. கிழக்கு நாட்டவர்க்குத் தரப்பட்ட வாக்குறுதிகள் என்று நாம் பொருள் கொள்ளலாம். 2007-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கனடா நாட்டு டேவிட் குரோனன்பர்க் இயக்கியது. கதை வசனம் ஸ்டீவன் நைட். அவ்வாண்டு டொராண்டோ திரைப்பட விழாவில் பார்வையாளர் வாக்களித்து வழங்கும் பரிசு இதற்கே கிடைத்தது.

படம் பாராதவர் பொறுத்தருள வேண்டும். கதையைச் சொல்லாமல் கருத்தைச் சொல்ல இயலாது. லண்டன் மருத்துவமனை ஒன்றில் பதினான்கு வயதுச் சிறுமி ஒரு பெண்குழந்தையைப் பெற்றுவிட்டு இறக்கிறாள். அவள் விட்டுச் சென்றது ருஷ்ய மொழியில் எழுதிய ஒரு நாட்குறிப்பு. அதனுள் ஓர் உணவகத்தின் முகவரிச் சீட்டு. மருத்துவச்சி அன்னா, குழந்தையின் உறவினரைத் தேடி அந்த உணவகத்துக்குப் போகிறாள். உணவகத்தின் உரிமையாளர் செமியோன், பேரன் பேத்திகளைக் கொஞ்சும் பெரியவரைப்போல் இனிக்க இனிக்கப் பேசுகிறார். நாட்குறிப்பைத் தாமே மொழிபெயர்த்துத் தருவதாகவும் சொல்கிறார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். அந்தப் பெரியவரே ருஷ்யக் குற்றக் கும்பலின் தலைவர். அந்தக் குழந்தையின் தந்தையும் அவரே. அவருடைய மகன் கிரில். கிரிலின் காரோட்டி நிகோலாய். இவர்களைச் சுற்றிப் படம் செல்கிறது.

இனி எங்கள் பேச்சுக்கு வருகிறேன்.

மதுரை நண்பர்தாம் முதலில் தொடங்கினார். "அந்தக் குளியல்கூடச் சண்டை ஒன்றே போதும்; காசு கொடுத்துப் பார்க்கலாம்" என்றார். நிகோலாயாக நடித்த விகோ மார்ட்டென்சன் உடலில் துணி ஏதுமின்றி, கையில் கருவி ஏதுமின்றி, வளைகத்தி ஏந்திய இருவரோடு போராடும் காட்சி அது. நடிப்பு உயர்ந்தது என்பதில் எனக்கும் ஐயமில்லை. சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிசுப் பட்டியலில் அவர் பெயர் இடம் பெற்றது. படம் முழுவதும் ஒரு துப்பாக்கிகூட வெடிப்பதில்லை என்பதையும் நண்பர் கூர்ந்து கவனித்திருந்தார்.

அடுத்துப் பச்சை குத்துதல் பற்றிப் பேச்சு எழுந்தது. ருஷ்யச் சிறைகளில் பச்சை என்பது அழகுக்காகக் குத்துவது அன்று. அஃது ஒருவனது வாழ்க்கை வரலாறு. காலணியின் ரப்பரை எரித்த கரியைச் சிறுநீரில் குழைத்து மையாக்கினார்கள். கோவில் குவிமாடங்களின் எண்ணிக்கை, சிறைபுகுந்த தடவைகளைச் சொல்லும். முழங்காலில் நட்சத்திரம் இருந்தால், 'எவர் முன்னும் மண்டியிடேன்' என்று பொருள். தகுதியின்றிப் பொய்யாகக் குத்திக்கொண்டவன் தண்டனைக்குத் தப்ப முடியாது. 1930-களின் சோவியத் தண்டனை முகாம்களில் உருவாகிய திருடர் குலத்தின் மரபு இது. வேலை செய்யாதே, அரசோடு ஒத்துழைக்காதே, குடும்பம் கொள்ளாதே என்பன அவர்கள் சட்டங்கள். படத்தில் நிகோலாய் அந்தப் பெரியோர்கள் முன் உள்ளாடையோடு நின்று, தனக்குத் தாயும் இல்லை தந்தையும் இல்லை என்று சொல்லி நட்சத்திரத்தைப் பெறுகிறான்.

"என்ன வீரம்!" என்றார் நண்பர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எவர் முன்னும் மண்டியிடேன் என்று முழங்காலில் எழுதிக்கொள்வதற்காக ஒரு கிழவர் கூட்டத்தின் முன் பெற்றோரையே மறுத்து நிற்கிறானே, இதைவிட மண்டியிடல் வேறு உண்டா? அந்த நட்சத்திரத்தைக் கொடுத்ததும் அன்பினால் அன்று. கிரிலைக் கொல்ல வருகிறவர்கள் ஆள் மாறி இவனைக் கொல்லட்டும் என்பதற்காகவே கொடுக்கிறார் செமியோன். பலியாட்டுக்குப் போட்ட மாலை அது.

கோவை நண்பரின் கருத்து வேறு. "இஃது ஓர் இனத்தையே பழிக்கும் படம். ருஷ்யர் என்றாலே கொலைகாரர் என்று காட்டுகிறார்கள். தலைமை வேடங்கள் நான்கில் ஒருவர்கூட ருஷ்யர் அல்லர்" என்றார். அவர் சொன்னது உண்மை. செமியோனாக நடித்தவர் ஜெர்மானியர். கிரிலாக நடித்தவர் பிரெஞ்சுக்காரர். மார்ட்டென்சன் அமெரிக்க டேனிஷ் வழியினர். அன்னாவாக நடித்த நவோமி வாட்ஸ் இங்கிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். ருஷ்ய உச்சரிப்பைக் கேட்டு ருஷ்யர் முகம் சுளித்தால் நாம் வியக்க வேண்டியதில்லை. 1968-இல் வந்த 'படோசன்' என்னும் இந்திப் படத்தில் மெஹமூத் பேசிய 'தமிழ்நாட்டு' இந்தியைக் கேட்டவர்களுக்கு அந்தச் சுளிப்பு புரியும்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதையைச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. நான் மும்பை தாராவியில் பிறந்தவன். என் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையை விட்டு அங்கே குடியேறினார். இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் வாரத்தில், எந்த ஊர் என்று ஒருவர் கேட்டார். சொன்னேன். "தாராவித் தமிழனா? அப்படியானால் உங்கள் தெருவில் தாதா யார்?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

ஆதலால் கோவை நண்பரின் கோபம் எனக்கு அந்நியமானதன்று. ஆயினும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. 1987-இல் வந்த 'நாயகன்' படத்தை நாம் எப்படிப் பார்த்தோம்? மும்பையில் குடியேறிய தமிழன் கடத்தல் செய்கிறான், கொலை செய்கிறான், தன் மக்களுக்குச் சோறும் போடுகிறான். எங்கள் தெருவில் அதைப் பாராதவர் இல்லை, பெருமைப்படாதவரும் இல்லை. அதே கதையைப் பிறன் வாயால் "உங்கள் தாதா யார்?" என்று கேட்டபோது மட்டும் நெஞ்சு சுட்டது. நாமே பாடினால் புகழ், பிறர் சொன்னால் பழியா? இரண்டிலும் நம் தெருவின் அடையாளம் அந்தத் தாதாதானே!

குற்றவாளியைக் காட்டுவது பழி ஆகாது. குற்றவாளியை மட்டும் காட்டுவதே பழி. இந்தப் படம் அப்படிச் செய்யவில்லை என்பது என் கருத்து. நாட்குறிப்பை மொழிபெயர்க்கும் கிழவர் ஸ்தெபான் ருஷ்யர். அன்னாவின் தந்தையும் ருஷ்யர். இறந்துபோன சிறுமியும் ருஷ்யப் பெண். குற்றக் கும்பல் முதலில் தின்பது தன் இனத்தைத்தான். ஊர்ப்பாசம், தாய்மொழி, ஊர்ச் சமையலின் மணம் என்னும் இவையெல்லாம் அதற்குத் தூண்டில் புழுக்கள். செமியோனின் உணவகத்தில் மேசை நிறைய ருஷ்ய உணவு பரப்பியிருக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஊரை விட்டு வந்தவனுக்கு அதைவிடப் பெரிய வலை உண்டா?

சென்னை நண்பர் குறைப்பட்டது முடிவைப் பற்றி. நிகோலாய் உண்மையில் ருஷ்ய அரசின் உளவாளி, லண்டன் போலீசாரோடு சேர்ந்து வேலை செய்பவன் என்று பின்பகுதியில் தெரிகிறது. "இது பார்ப்பவரை ஆறுதல்படுத்தும் தந்திரம், அவன் கெட்டவனாகவே இருந்து நல்லது செய்திருந்தால் கதை உயர்ந்திருக்கும்" என்றார். இதில் பாதியை ஏற்கிறேன். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று ஒருவன் எத்தனை நாள் இருக்க முடியும்? இறுதிக் காட்சியில் செமியோனின் உணவகத்தில் அவன் தனியே அமர்ந்திருக்கிறான். பூனையைப் பிடிக்க வந்தவன் பூனையாகிவிட்டானோ என்று நம்மைக் கேட்கவைக்கும் முகம் அது. ஆறுதலாக எனக்குப் படவில்லை.

என் பங்குக்கு நான் பேசியது அறிவியல். நான் உயிர்வேதியியல் மாணவன். செமியோனின் இரத்தத்தை எடுத்துக் குழந்தையின் இரத்தத்தோடு ஒப்பிட்டால் அவர் குற்றம் வெளிப்படும். அதனால் குழந்தையைக் கொல்ல மகனை ஏவுகிறார். "என்ன அறியாமை!" என்று எழுந்தேன் நான். பிரிட்டனில் குழந்தை பிறந்த ஐந்தாம் நாளே குதிகாலில் குத்திச் சில துளி இரத்தத்தை அட்டையில் எடுப்பது வழக்கம். உலர்ந்த அந்தத் துளியிலிருந்தே மரபணுவைப் பிரிக்கலாம். குழந்தை இறந்தாலும் சான்று இறக்காது. கால்மணி நேரம் விளக்கினேன். நண்பர்கள் பாராட்டினார்கள். நிறைவோடு உறங்கப் போனேன்.

மறுநாள் காலை தேநீர்க் கடையில் இந்தப் பேச்சு மீண்டும் எழுந்தது. எங்கள் மன்றத்துத் தோழி ஒருவர், வரலாற்றுத் துறை மாணவி, கேட்டுக்கொண்டிருந்தார். படத்தை அவர் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் பெண்ணின் பெயர் என்ன?"

"எந்தப் பெண்?" என்றார் மதுரை நண்பர்.

"பிள்ளையைப் பெற்றுச் செத்துப்போனாளே, அவள்."

எங்களில் ஆறு பேர் அங்கே இருந்தோம். நட்சத்திரத்தின் பொருள் தெரிந்திருந்தது. கத்தியின் வளைவு நினைவிருந்தது. அந்தச் சிறுமியின் பெயர் ஒருவருக்கும் நினைவில் இல்லை. குழந்தையின் இரத்தத்தைப் பற்றிக் கால்மணி நேரம் பேசிய நான், அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றிரவு அறையில் தனியே அமர்ந்து அதே படத்தை மறுபடி பார்த்தேன். அவள் பெயர் தாத்யானா. முதல் தடவை என் காதில் விழாத குரல் இந்தத் தடவை விழுந்தது. படம் நெடுக அவள் நாட்குறிப்பு அவள் குரலிலேயே வாசிக்கப்படுகிறது. சுரங்கத்தில் மாண்ட தந்தை, இருண்ட சிற்றூர், வேறு நாட்டில் நல்வாழ்வு கிடைக்கும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் தலைப்பிலேயே இருக்கிறது. 'வாக்குறுதி' என்று படத்துக்குப் பெயர் வைத்தார்கள். 'வளைகத்தி' என்று நாங்கள் படித்தோம்.

நண்பர்களே, வாக்குறுதி கேட்டு ஊரை விட்டு வந்தவர்கள் நாம். பட்டம் முடிந்ததும் இன்னும் தொலைவுக்கு ஏகப் போகிறவர்களும் நம்மில் பலர். 2022-ஆம் ஆண்டில் தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட தமிழ் இளைஞர் சிலர், மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கும்பலிடம் சிக்கி, பின்னர் மீட்கப்பட்டு ஊர் திரும்பினர். அவர்களும் படித்தவர்கள்தாம். வாக்குறுதி கொடுப்பவன் முகத்தில் பச்சை குத்தியிருப்பதில்லை. செமியோனைப்போலச் சிரித்துக்கொண்டுதான் வருகிறான்.

கலை நம்மை மகிழ்விக்கட்டும்; வேண்டாம் என்று சொல்ல நான் யார்? சண்டையையும் பாருங்கள், பச்சையையும் பாருங்கள். ஆனால் படம் முடிந்து எழும்போது, இதில் செத்தவர் பெயர் என்ன என்று ஒருமுறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் நாம் படம் பார்க்கவில்லை, வேடிக்கை பார்த்தோம்.

என் தந்தையார் இருபத்தேழு ஆண்டுகளாக, விடியுமுன் இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மும்பைத் தெருக்களில் விற்கிறார். எங்கள் தெருவில் தாதாவைக் கண்டவர் சிலர். இட்லிக்காரரைக் காணாதவர் இல்லை. அவரைப் பற்றி எவரும் படம் எடுக்கவில்லை. "உங்கள் தெருவில் தாதா யார்?" என்று இனி எவரேனும் கேட்டால் நான் சிரித்து வைக்கப் போவதில்லை. அவர் பெயரைச் சொல்வேன்.