நம்பிக்கைக்கு விலை வைக்காதீர்கள்

மாரடைப்பில் மடிந்த இதயத் தசை தழும்பாகிவிடுகிறது. அதை ஸ்டெம் செல்களால் புதுப்பிக்கலாம் என்று 2001-இல் இதய ஆய்வாளர் பியரோ அன்வெர்சாவின் குழு அறிவித்தபோது மருத்துவ உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்த நம்பிக்கையில் நோயாளிகள் பரிசோதனைகளுக்கு உடலைக் கொடுத்தார்கள். 2018-இல் அவருடைய ஆய்வகத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறும்படி ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியே கேட்டுக்கொண்டது. காரணம், புனையப்பட்ட தரவுகள். எவ்வளவு பெரிய துரோகம்!

அதற்காக இந்தத் துறையையே ஒதுக்கிவிட முடியாது. ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் 2020-இல், சாதாரண உடல் செல்களை மாற்றி உருவாக்கும் ஐபிஎஸ் ஸ்டெம் செல்களிலிருந்து வளர்த்த இதயத் தசைத் தகடுகளை நோயாளிக்குப் பொருத்தினார்கள். அதுவும் ஆய்வாகவே செய்யப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதலும் இதய நோய்க்கு ஸ்டெம் செல் முறையை ஏற்கப்பட்ட சிகிச்சையாகச் சேர்க்கவில்லை. ஆகவே, இப்படி ஆய்வு நிலையில் உள்ள சிகிச்சையை விலைக்கு விற்பவர்கள் மீது அரசு உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும்.