உறங்கியவன் வேறு, துரத்தப்பட்டவன் வேறு

பாட்டன் தேடிய முதுசக் காணி. உறுதி பேரனின் பெட்டியில் இருக்கின்றது. ஆனால் வேலி அடைத்து, கிணறு இறைத்து, வெங்காயம் நடுபவர் வேறொருவர். காணி யாருக்குரியது? உறுதி உள்ளவருக்கே என்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். சட்டம் அவ்வாறு கூறவில்லை.

1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, உரியவரின் உரித்தை ஏற்காது, அவருக்கு எதிராகப் பத்து ஆண்டுகள் இடையறாது தனியார் காணியொன்றை ஆண்டவர் அதற்கு உரித்தாளராகலாம். குத்தகைக்குப் பெற்றவரும், பார்த்துக்கொள்ளும்படி விடப்பட்டவரும், ஆண்டுகள் கழிந்தமையால் மட்டும் உரித்தாளராகிவிடார். கூட்டு உரித்தாளருள் ஒருவரது ஆட்சி மற்றையோருக்கும் உரிய ஆட்சியே என்பது 1911 இல் கோமறைக் கழகம் உறுதிசெய்த நெறி.

இச் சட்டத்தின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. காணியைத் தரிசாக்கி உறங்கியவரிலும், வியர்வை சிந்தி விளைவித்தவரை மதிப்பது முறையே. ஆனால் 1990 இல் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் உறங்கினார்களா? 1995 இல் கைக்குழந்தைகளுடன் வலிகாமத்தை விட்டு நடந்தோர் உறங்கினார்களா? உறங்கியவருக்குரிய தண்டனையைத் துரத்தப்பட்டவருக்கு விதிப்பது நீதியாகாது.

உரிமை மீறப்பட்ட வேளையிற் கடல் கடந்திருந்தவருக்குப் பழைய சட்டம் காலச் சலுகை அளிக்கின்றது. அதற்கும் முப்பது ஆண்டுகளே எல்லை. வன்னியிலும் புத்தளத்திலும் கொட்டிலில் வாழ்ந்தவருக்கோ அச் சலுகையும் இல்லை. இக் குறையை நீக்கவே 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. போர்ச் சூழலால் தம் உரிமையை நிலைநாட்ட இயலாதிருந்தோருக்கு எதிராக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிடலாகாது என்றது. நல்ல சட்டமே. ஆயினும் அதன் கதவு இரண்டே ஆண்டுகள் திறந்திருந்தது. இருபத்தாறு ஆண்டு இழப்பை, உறுதியையும் தொலைத்த ஏழை இரண்டு ஆண்டுகளில் மீட்பது எங்ஙனம்?

அக் கதவு மீண்டும் திறக்கப்படல் வேண்டும். நல்லெண்ணத்துடன் காணியைத் திருத்தியவருக்கு இழப்பீடும் கிடைத்தல் வேண்டும்.

அதுவரை நாம் வாளாவிருத்தலாகாது. கமக்காரர் குத்தகையை நொத்தாரிசு முன் எழுதிக்கொள்க. வெளிநாட்டில் உள்ளோர் காணியைப் பிறர் கையில் விடுமுன் எழுத்தில் உடன்படுக. சட்டம் கற்றோர் ஏழையின் உறுதியைக் கூலியின்றி ஒருமுறை படித்துக் காட்டுக. துரத்தப்பட்ட காலத்துக்கு நாம் பொறுப்பாளிகளல்லர். இனி உறங்கும் காலத்துக்கு நாமே பொறுப்பு.