பிரேக் பேட் மாற்றினால் மட்டும் போதாது

“பேட் தேய்ந்தால் பேடை மாற்று, மற்றதைத் தொட்டால் வீண் செலவு.” கார் வைத்திருப்போரிடம் வேரோடிப்போன இந்த எண்ணம் எந்த ஊரிலும் தவறு. மண்டபத்திலிருந்து அரிச்சல்முனை வரை அது உயிருக்கே ஆபத்து.

இந்தக் கரையின் உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதற்குப் பாம்பனே சாட்சி. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் துருவோடு போராடுவது ஓயாத வேலையாக இருந்தது. 2025இல் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் விசேஷப் பூச்சும் தேவைப்பட்டன. அதே காற்றில்தான் நம் காரின் பேட்களைப் பிடித்திருக்கும் கேலிப்பரும் கிடக்கிறது.

சாதாரணக் கார்களில் பெரும்பாலும் பிஸ்டன் உள்பக்கம் மட்டுமே இருக்கும். அது உள் பேடைத் தள்ளும். கேலிப்பர் இரண்டு பின்களின் மேல் நகர்ந்து வெளிப் பேடை இழுத்து டிஸ்க்கில் அழுத்தும். பின்னை மூடும் ரப்பர் உறை கிழிந்தால் உப்பு ஈரம் புகும், கிரீஸ் காயும், பின் இறுகும். பிறகு ஒரு பேட் மட்டும் கரையும், சக்கரம் சூடாகும், பிரேக் போட்டால் வண்டி ஒருபக்கம் இழுக்கும். அந்தக் கேலிப்பரில் எத்தனை புதுப் பேட் போட்டாலும் அதே கதிதான். இரவில் டிஸ்க்கில் படியும் துருவைக் கண்டு பயப்படுகிறோம். அது நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத பின்னின் துரு அப்படிப் போகாது.

“பெடலை மிதித்தால் நிற்கிறதே” என்பார்கள். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது நிற்கும். தனுஷ்கோடிச் சாலையில் வேகமாகப் போகையில் குறுக்கே ஆடு வந்தால்தான் பிரேக்கின் நிஜ பலம் தெரியும். பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். ஆயில் கொதித்தால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது.

பின்னைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென உள்ள சிலிக்கோன் கிரீஸ் பூசுவது பெரிய செலவல்ல. சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். கழற்றிய கேலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்கவிடக் கூடாது. போல்ட்டைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். வண்டியை எடுக்குமுன் பெடல் இறுகும்வரை மிதிக்க வேண்டும்.

அடுத்தமுறை பழைய பேட்களைக் கையில் வாங்கிப் பாருங்கள். உள்ளும் வெளியும் ஒன்றுபோலத் தேயவில்லையென்றால், பின்னைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.