காருக்கு அடியில் போகும் முன்

வீட்டிலேயே ஆயில் மாற்றலாம் என்று இறங்குகிறவர்கள், முன்சக்கரங்களை ஏற்றி நிறுத்தும் ரேம்ப் ஜோடியை வாங்கும்போது கடையில் கேட்கும் முதல் கேள்வி, "இந்த ரேம்ப் எத்தனை டன் தாங்கும்?" கேட்க வேண்டியதுதான். ஆனால் கணக்கு போட்டால் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. ஸ்விஃப்ட் போன்ற ஒரு கார் சுமார் 900 கிலோ. என்ஜின் முன்னால் இருப்பதால் அதில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்சக்கரங்களின் மேல். ஆக, ஒரு ரேம்ப் சுமப்பது 270 கிலோ சொச்சம். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எடை ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆளைக் கொல்வது வேறு இரண்டு: திடீரென்று நொறுங்குவதும், நழுவுவதும்.

முதலில் நொறுங்குவது. ரேம்புக்குப் பதிலாக வைக்க, வீடு கட்டி மிஞ்சிய ஹாலோபிளாக் எங்கும் கிடக்கிறது. சுவரையே தாங்குகிற கல்லுக்குக் கார் எம்மாத்திரம் என்று தோன்றும். சுவரில் கலவைமேல் பரவலாக இறங்கும் பாரம், இங்கே டயருக்கடியில் ஓரிடத்தில் குவிகிறது. போதாததற்கு, கல்லைப் படுக்கவைத்துவிட்டால் அதன் பலமே போயிற்று. கான்கிரீட் வளைந்து காட்டாது. போன தடவை நின்றது இந்தத் தடவை பொலபொலவென்று உதிரும். செங்கல்லும் அதே ஜாதிதான். மரம் பெரும்பாலும் நசுங்கி, விரிசல் விட்டு, முனகிக் காட்டிக்கொடுக்கும்.

எனவே ரேம்பை நீங்களே செய்வதானால் மரத்தில் செய்யுங்கள். ஒன்றரை அங்குலக் கனம், பத்து அங்குல அகலமுள்ள பலகைகளை, மேலே போகப் போக எட்டெட்டு அங்குலம் குறைத்துப் படியாக அடுக்க வேண்டும். ஐந்து அடுக்கில் ஏழரை அங்குல உயரம் கிடைக்கும். சரிவும் நீளமாக இருப்பதால் பம்பர் இடிக்காது. உள்ளே வெற்றிடம் கூடாது. பாரம் மரத்தின் வழியாகவே தரைக்கு இறங்க வேண்டும். திருகாணி, அடுக்கு விலகாமல் பிடிக்க மட்டும்தான். உச்சிப் பலகை ஓரடிக்குக் குறையக்கூடாது; அதன் முனையில் டயர் தாண்டாமல் ஒரு தடுப்புக்கட்டை. பழைய சென்ட்ரிங் பலகையைத் தொடாதீர்கள். எத்தனை ஆணி வாங்கிய மரமோ!

நழுவலுக்குக் காரணம் பெரும்பாலும் தரை. போர்டிகோவின் வழவழப்பான டைல்ஸில் டயர் ஏறும்போதே ரேம்ப் விலகி ஓடும். சொரசொரப்பான சிமெண்ட் தரை உத்தமம். இல்லையென்றால் அடியில் ரப்பர் பாய் ஒட்டுங்கள். ஏற்றியபின் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். மலைப்பாதையில் லாரி நின்றதும் கிளீனர் கட்டையோடு குதிப்பது சும்மா இல்லை. பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டால் அது எதையும் பிடிக்காது.

இன்னொன்று. ரேம்பில் கார் தன் சக்கரத்தின் மேலேயே நிற்கிறது. ஆயில், சைலன்சர் வேலைக்குச் சரி. சக்கரம் கழற்றும் பிரேக் வேலைக்கு ஜாக்கியும், காரைத் தாங்க ஸ்டாண்டும் வேண்டும். டிக்கியில் வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டுமே. ஆயில் அளவையும் காரைச் சமதரைக்கு இறக்கிய பிறகே பாருங்கள்.

அடியில் போகுமுன் வெளியே நின்று காரைப் பக்கவாட்டில் பலமாக ஆட்டிப் பாருங்கள். ரேம்ப் இம்மி நகர்ந்தாலும் காரை இறக்கிவிட்டு, வேலையை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.