மூன்று கால் எருமை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1913 முதல் 1938 வரை அடிக்கப்பெற்ற ஐந்து சென்ட் நிக்கல் காசின் பின்புறத்தே காட்டெருமையொன்று நிற்கும். 1937-இல் டென்வர் நாணயசாலையில் ஓரச்சினை மிகையாகத் தேய்த்து மெருகிட்டமையால், அதன் முன்னங்கால் ஒன்று மறைந்தது. இப்பிழை காசிற்குப் பெருவிலை தந்தது; விலை கள்ளரைத் தந்தது. நான்கு கால் காசினை அரத்தால் அராவி விற்போர் உளர். காலின்மை ஒன்றையே கண்டு களிக்கும் இளைஞர் இதனை நினைத்தல் நன்று. மெய்க்காசில் வயிற்றடியினின்று தரை நோக்கிச் சிறு புள்ளிகள் வரிசையாய்ப் புடைத்திருக்கும். அரம் குறைக்குமேயன்றிப் புடைப்பினை ஆக்காது.

இனித் தரமிடுதல். இக்காசுகளில் ஆண்டெண் எளிதில் தேய்வது. அதனைத் திராவகமிட்டு வெளிக்கொணர்வர் சிலர். எண் தெரியும், காசின் மேனியோ அரிபடும். அத்தகைய காசினைத் தேய்ந்த காசுகளோடு ஒப்பத் தரமிடுதல் முறையன்று. திராவகம் பட்டமையை வாங்குவோனுக்கு விற்போன் முன்னரே உரைத்தல் வேண்டுமென்பது எம் துணிபு.